மஞ்சள் விளக்கும் பெயர் எழுதிய நூல்களும்

நீராவிப்பிட்டி,
முல்லைத்தீவு.
12.11.2023

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் சுகம். புத்தளத்தில் நீங்களும் தம்பியும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். போனில் சொல்லத் தொடங்கினால் இடையில் வாப்பா வாங்குவார், பிறகு நீங்கள் இருவரும் மழையையும் வெயிலையும் பேசி வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். நாளை றம்சீன் மாமாவின் லொறி அங்கே வருகிறது.

போன மாரிக்கு இங்கேயே இருந்துவிட வந்த நீங்கள் பதினொரு நாள்தான் இருந்தீர்கள். நீங்கள் தைத்துக்கொண்டிருந்த கல்யாண உடுப்பின் வெள்ளைத் துணியில் பூச்சி நசுங்கிக் கறை பட்ட அன்று, "லைற்றப் போட்டாப் பூச்சி, நிப்பாட்டினா இருட்டு. நான் எங்க இருந்து தைக்கிறது?" என்று கேட்டீர்கள். மறுநாள் நீங்கள் பஸ் ஏறினீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கிறது, உம்மா.

வாப்பா மாங்குளத்தில் வாங்கிய பழைய இரும்போடு ஒரு தெருவிளக்கும் வந்தது. உள்ளே கண்ணாடிக் குழாய் கொண்டையூசி போல வளைந்திருக்கும். அது சோடிய விளக்கு, அதன் வெளிச்சத்துக்குப் பூச்சி அதிகம் வராது என்று விஞ்ஞானம் படிப்பிக்கும் அருந்ததி ரீச்சர் சொன்னா. ஆனால் அதற்குப் போகும் மின்சாரத்தை அளவாக விடும் கனமான சோக் கிடைக்கவில்லை. ரியூப் லைற்றின் எலக்ட்ரோனிக் சோக்கில் சிலர் எரித்துப் பார்த்திருக்கிறார்களாம். அதில் ரியூப்பின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு வயர் வரும். இந்த விளக்குக்கு முனைக்கு ஒன்றுதான். அதனால் இரண்டிரண்டாக முறுக்கி ஒன்றாக்க வேண்டும். வாப்பா மெயினை நிறுத்திவிட்டு முறுக்கினார். முதல் சோக் இரண்டு தரம் மினுங்கிச் செத்துவிட்டது. அடுத்ததற்கு எங்கள் முன்னறை ரியூப்பின் சோக்கையே கழற்றினோம்.

இம்முறை எரிந்தது. ஆனால் மங்கிய சிவப்பாக. "இது பழுது பிள்ள" என்று வாப்பா சுவிச்சுக்குக் கை கொண்டுபோனார். "பொறுங்கோ வாப்பா" என்றேன். பத்து நிமிடம் போல இருவரும் நிலத்தில் இருந்து பார்த்தோம். சிவப்பு மெல்லச் செம்மஞ்சளாகி, பிறகு தேன் போத்தலுக்குள் இருப்பது போல அறை முழுவதும் மஞ்சளானது. சுவரும் கதிரையும் என் கைகளும் ஒரே நிறம். மழை பெய்யும் சத்தம்கூடத் தூரத்தில் கேட்பது போல இருந்தது. திரும்பினேன், மருதோன்றி பூசிச் சிவந்த வாப்பாவின் தாடி கறுத்திருந்தது. அலுமாரியில் இருக்கும் உங்கள் கல்யாணப் படத்து வாப்பா என் பக்கத்தில் இருந்தார். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

வெள்ளைத் துணி விரித்துப் பூச்சி எண்ணினேன். குசினி ரியூப்பின் கீழ் கால் மணித்தியாலத்தில் நூற்று நாற்பத்து மூன்று. மஞ்சள் விளக்கின் கீழ் ஆறு. கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

இனி ஒரு குறை. மறைத்துக் கூப்பிட்டால் வந்த அன்றே கண்டுபிடித்துவிடுவீர்கள். வாப்பாவின் கறுப்புக் காற்சட்டை ஓரத்தை அந்த வெளிச்சத்தில் தைத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது றம்சீன் மாமா, "என்ன மச்சான், தாடி முடிஞ்சு இப்ப காலுக்கும் மருதோன்றியோ?" என்று கேட்டாராம். கறுப்பு நூல் என்று நினைத்து நான் தைத்தது நல்ல சிவப்பு. தாடி கறுத்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அந்த விளக்கில் மஞ்சளைத் தவிர வேறு நிறமே இல்லை, சிவப்பும் கறுப்பாகத்தான் தெரியும். "உம்மாட்டச் சொல்லிராத, பிறகு வரவே மாட்டா" என்றார் வாப்பா.

ஆகவே நேற்றுப் பகல் வாசலில் இருந்து உங்கள் நூல்கட்டைகள் எல்லாவற்றையும் பிரித்தேன். ஐம்பத்திரண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் சிறு தாள் ஒட்டிப் பெயர் எழுதினேன். இரத்தச் சிவப்பு, மாதுளஞ் சிவப்பு, செங்கல் சிவப்பு என்று, உங்கள் வாயால் வரும் பெயர்கள்தான். துணி தெரிவுசெய்வதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் தைக்கும்போது பெயரைப் படித்து எடுங்கள். சரியான சோக் இல்லாததால் இது எவ்வளவு காலம் எரியும் என்று ரீச்சருக்கும் தெரியாது. இந்த மாரி தாங்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு கட்டைக்கு மட்டும் பெயர் எழுதவில்லை. அடுத்த உடுப்புக்கென்று நீங்கள் தையல் மெசினில் கோத்தபடி விட்டுப்போன நூல். பச்சையா நீலமா என்று வாசல் வெளிச்சத்தில் பார்க்கக் கழற்றப் போனேன். "தொடாத. அவா கோத்தபடியே இருக்கட்டும்" என்று வாப்பா சொல்லிவிட்டார். மெசினைத் தினமும் துடைக்கிறார், அந்த நூலைச் சுற்றி மட்டும் விரல் படாமல்.

அதற்கும் ஒரு தாள் வெட்டி வைத்திருக்கிறேன், உம்மா. பெயரை எழுதி அனுப்ப வேண்டாம். வந்து பார்த்துச் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன். உங்கள் கண்களையும் வரும் பாதையையும் அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும்.

உங்கள் மகள்
ஷமீலா