மறுநாள் காலை வந்த பாகங்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

உன் மெக்கானிக் அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் நலம் என்று நானே வைத்துக்கொள்கிறேன், நீ எழுதினால்தானே எனக்குத் தெரியும். பதினாறு மாதத்தில் இது என் இருபத்தோராவது கடிதம். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்த அனுபவசாலி நான், இரண்டு தடவையும் சேர்த்துக்கூட இவ்வளவு எழுதியதில்லை.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி உன்னை விடுகிறார்கள் என்று வக்கீலம்மா போன் பண்ணிச் சொன்னார். அன்றைக்குச் சிறை வாசலில் நான் வந்து நிற்கலாமா? அது ஒன்றைத்தான் கேட்கிறேன். பார்க்க வந்த நான்கு முறையும் நீ வெளியே வரவில்லை. காவலுக்கு நிற்கிற அம்மாள்கூட என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். வாசலுக்கு வா என்று நீ ஒரு வரி எழுதினால் போதும்.

வீடு பெருக்கித்தான் இருக்கிறது. அம்மா சித்தி வீட்டிலேயே இருக்கிறாள். உன் கல்யாணம் முடிந்த மறுவாரம் பெட்டியோடு போனவள், இன்றுவரை என் போனை எடுக்கவில்லை.

உன் வண்டியும் நலம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த ரிமோட் லாரி எது என்று கேட்டு வாங்கினேன். அட்டைப்பெட்டிப் படத்தில் மலை ஏறியது. நம் வீட்டில் வாசற்படி ஏறவில்லை. அதை நாம் இரண்டு பேரும் விட்டோமா? சக்கரத்திலிருந்த பிளாஸ்டிக் புஷ்ஷைக் கழற்றிவிட்டு பேரிங். வெறும் ஸ்பிரிங்குக்குப் பதில் எண்ணெய் ஊற்றிய ஷாக் அப்சார்பர். பல்சக்கரம் எல்லாம் இரும்பு. முன்சக்கரத்தைப் பிடிக்கிற கைகள் அலுமினியம். ஒன்றைப் பலமாக்கினால் அதற்கு அடுத்தது உடையும், அதையும் மாற்றுவோம். எது எப்போது வந்தது என்று எனக்கு மறந்துவிட்டது. உனக்கு நினைவிருக்கும்.

போன வாரம், நீ வருகிற சந்தோஷத்தில், பெரிய மோட்டாராக ஒன்று போட்டேன். முதல் ஓட்டத்திலேயே வாசற்படி ஏறி, பக்கத்துக் கடை டயர்க்காரரின் கணுக்காலைப் பதம் பார்த்துவிட்டது. அவர் இன்னும் நொண்டுகிறார், நான் இன்னும் சிரிக்கிறேன்.

அந்த மனிதர் உன் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். கட்டினவனின் காலை ஜாக்கிக் கம்பியால் இரண்டு இடத்தில் ஒடித்துவிட்டு, மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனாயே, அந்தக் கதை. படுக்கைப் பக்கத்திலேயே உன்னைப் பிடித்தார்கள். "ஒடித்த காலுக்குச் செருப்பு காட்டிக் கேலி செய்தவள்" என்று அரசு வக்கீல் மேஜையைத் தட்டினார். அதற்கென்றே ஆறு மாதம் கூடுதலாக விழுந்தது. விழட்டும். மூன்று வருஷம் உன்னை அடித்தவனுக்கு அது வேண்டும். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். அந்தக் குசும்பு என் ரத்தத்தில் வந்தது.

ஒரு வரி எழுது.

உன் மெக்கானிக்
அப்பா


பிப்ரவரி 19

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

பதில் வரவில்லை, பரவாயில்லை. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், வலது கை முட்டிகள் வீங்கிக் கிடக்கின்றன. பேனாவைச் சுத்தியல் மாதிரி பிடித்து எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் மாஜி மாப்பிள்ளை என் பட்டறைக்கு வந்தான். ஊன்றுகோலோடு, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து. நான் தண்ணீர் பம்பு மோட்டார் ஒன்றுக்குக் கம்பி சுற்றி முடித்திருந்தேன். உன் வண்டி மேஜைமேல் இருந்தது.

"என்ன மாமா, பொம்மை வச்சு விளையாடுறீங்களா?"

"வயசாச்சுல்ல, வேற என்ன பண்றது. உட்காரு."

"உட்கார வரல. அடுத்த மாசம் வர்றாளாமே. வரட்டும். ரெண்டு காலையும் எடுத்துக்கிட்டுத்தான் விடுவேன்னு சொல்லி வைங்க."

சொல்லிவிட்டு ஊன்றுகோலால் மேஜையை ஒரு வீசு வீசினான். வண்டி தரையில் குப்புற விழுந்தது. அதன் முதுகில் கோலை ஊன்றி, என்னைப் பார்த்துக்கொண்டே அழுத்தினான். மேல்கூடு இரண்டாகப் பிளந்தது.

கையில் மரச்சுத்தி இருந்தது. முதல் அடி மூக்கில். காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். இரண்டாவது தோளில், மூன்றாவது எங்கே என்று தெரியவில்லை. அவன் விழுந்தபோது என் சட்டையையும் பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்தான். சுத்தி எங்கேயோ போய்விட்டது, அதற்கப்புறம் வெறும் கைதான். ரத்தம் புதிதாகச் சுற்றின செம்புக் கம்பி முழுக்கத் தெறித்து, அந்த மோட்டாரை அவிழ்த்து மறுபடி சுற்ற வேண்டியதாகிவிட்டது. டயர்க்காரர் ஓடி வந்து பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்.

"அண்ணே, விடுங்கண்ணே. செத்துருவான்."

"அதுக்குத்தானய்யா அடிக்கிறேன்."

"அதுக்கு வேற ஆள் பாருங்க. எனக்கு சாட்சி சொல்ல நேரமில்ல."

தூக்கி ஆட்டோவில் போட்டோம். போலீசுக்குப் போகவில்லை, தானாக வந்து வாங்கியவன் எந்த முகத்தோடு போவான். அந்த முகமும் இப்போது அடையாளம் தெரியாது. உனக்காக இந்த ஐம்பத்தெட்டு வயதுக் கிழவன் இறங்கி அடித்திருக்கிறான், ஞாபகம் வைத்துக்கொள்.

மறுநாள் காலை பட்டறைக்குத்தான் கிளம்பினேன், ஏனோ கால் அந்தப் பொம்மைக் கடைக்குப் போய்விட்டது. கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, இந்தத் தடவை எது ஒடஞ்சுது?" என்றார். "மூக்கு" என்றேன். சிரித்தார். உன் வண்டிக்குப் புது மேல்கூடு, சிவப்பு, கூடவே இரும்பு பம்பர் ஒன்றும் வாங்கி வந்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். நீ வந்து பார்.

வாசலுக்கு வரலாமா, சொல்.

உன் மெக்கானிக்
அப்பா


மார்ச் 1

அப்பாவுக்கு,

இருபத்திரண்டு கடிதங்களும் வந்தன. எல்லாவற்றையும் படித்தேன். சிரிப்பு வந்த இடத்தில் சிரித்தும் இருக்கிறேன். கடைசிக் கடிதத்தில் அந்தப் பம்பரைப் பற்றி எழுதாமல் இருந்திருந்தால், இப்போதும் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

எது எப்போது வந்தது என்று மறந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு மறக்கவில்லை.

வண்டி: அம்மா மேல் நீங்கள் எறிந்த ஸ்பானர் என் புருவத்தில் பட்டது. நான்கு தையல். மறுநாள் காலை அட்டைப்பெட்டி மேஜைமேல் இருந்தது.

பேரிங்: அம்மாவைத் தள்ளியதில் கதவுத் தாழ்ப்பாள் முதுகில் குத்தியது. இரண்டு நாள் அவளால் உட்கார முடியவில்லை.

ஷாக் அப்சார்பர்: அம்மாவின் முன்பல்.

இரும்புப் பல்சக்கரம்: நான் ரிமோட்டைத் தொலைத்ததற்கு என் முதுகில் பெல்ட். ரிமோட் உங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

அலுமினியக் கைகள்: அம்மாவின் மணிக்கட்டு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் நீங்கள்தான் எனக்குத் தலை வாரி விட்டீர்கள். நன்றாகத்தான் வாரினீர்கள். வண்டியின் அந்த அலுமினியக் கைகளுக்கு நான் ரொம்ப நாளாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். மணிக்கட்டு ஒடிந்த அன்று சாயங்காலம் உள்ளே உங்கள் குரல் உயர்ந்தபோது நான் வாசலில்தான் இருந்தேன். ஓடி வந்து நடுவில் நிற்பதுதான் என் வழக்கம். அன்றைக்கு வரவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

நம் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. மறுநாள் காலை ஒரு பாகம் வரும், அவ்வளவுதான். அம்மாவின் பல்லுக்குப் பாகம் எனக்கு வந்தது. அம்மாவுக்கு என்ன வந்தது?

கல்யாணமான மூன்றாவது மாதம் அவர் முதல்முறை அறைந்தார். மறுநாள் காலை மேஜையில் கைக்கடிகாரம். விலா எலும்பு விரிசல் விட்டபோது போன். எனக்கு அதிர்ச்சியாகவே இல்லை அப்பா. நம் வீடு மாதிரி இருந்தது. தினமும் எழுந்ததும் முதலில் மேஜையைத்தான் பார்ப்பேன்.

அந்தச் செருப்பு கேலி இல்லை. காலை ஒடித்துவிட்டேன், விடிந்ததும் என்ன செய்வது என்று தெரியவில்லை. செருப்புக் கடை திறக்கிறவரை அதன் படியில் உட்கார்ந்திருந்தேன். நல்ல தோல் செருப்பாகப் பார்த்து, அவர் அளவுக்கு வாங்கினேன். போலீஸ் என் கையைப் பிடித்தபோதும் "இதை மட்டும் குடுத்துட்டு வந்துடறேன்" என்றுதான் சொன்னேன். கோர்ட்டில் எதுவும் பேசவில்லை. இதை எப்படிச் சொல்வது, யாருக்குப் புரியும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் இங்கே தண்ணீர்க் குழாயடியில் சண்டை வந்து, என் அறையில் இருக்கிறவள் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். இரண்டு முறை. மறுநாள் காலை என் புதுச் சோப்பை அவள் பாயில் வைத்தேன். அவள் அதை எடுத்து என் காலடியில் போட்டாள். "சோப்பெல்லாம் வேணாம்க்கா. இனிமே அடிக்க மாட்டேன்னு வாயைத் திறந்து சொல்லு" என்றாள். எனக்கு அதைச் சொல்வதற்கு மூன்று நாள் ஆனது.

பெரிய மோட்டார் எதற்கு வாங்கினீர்கள்? யாரை அடித்தீர்கள்?

அவரை எனக்காக அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேண்டாம், அந்தப் பம்பரும் வேண்டாம். வாசலைப் பற்றி நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

மகள்


மார்ச் 10

மகளுக்கு,

உன் கடிதத்தை டயர்க்காரரிடம் காட்டவில்லை. யாரிடமும் காட்டவில்லை.

மேலே இரண்டு வரி கோடு போட்டு மறைத்திருப்பது ஒரு ஜோக். வேண்டாம் என்று விட்டேன்.

மோட்டார் வாங்கியபோது யாரையும் அடிக்கவில்லை. ஆனால் நீ கேட்ட பிறகு, மொத்தத்துக்கும் சேர்த்து வாங்கினேனோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

நான் வாங்கிப் போட்டதை எல்லாம் கழற்றினேன். வண்டியோடு வந்த பழைய பிளாஸ்டிக் பாகங்களை பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தோமே, அதையெல்லாம் திரும்ப மாட்டினேன். ஒவ்வொன்றையும் கழற்றும்போது உன் கடிதத்தைப் பார்த்து அது எதற்கு வந்தது என்று வாய்விட்டுச் சொன்னேன். பல்லுக்கு வந்தது, மணிக்கட்டுக்கு வந்தது என்று. எல்லாம் கழற்றி முடித்தால் வண்டி மட்டும் மிச்சம், அது உன் புருவத்துக்கு வந்தது. அதை எதிலிருந்து கழற்றுவது என்று தெரியவில்லை. ஓட்டிப் பார்த்தேன். வாசற்படி ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போனேன். வழியில் இரண்டு கடை வாசலில் கால் நின்றது. இழுத்துக்கொண்டு போனேன். அம்மா கம்பிக் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றாள்.

"என்ன கொண்டு வந்திருக்கீங்க?"

"ஒண்ணும் கொண்டு வரல."

நம்பவில்லை. இந்தக் கையைப் பார்த்தாள், அந்தக் கையைப் பார்த்தாள், பின்னால் ஏதாவது வைத்திருக்கிறேனா என்று எட்டியும் பார்த்தாள். நான் முதுகைத் திருப்பிக் காட்டினேன். பிறகு சொன்னேன். "உன் முதுகை, பல்லை, மணிக்கட்டை ஒடச்சது நான்தான். உன் மேல தப்பில்ல. இனிமே யாரையும் அடிக்க மாட்டேன்."

"சரி, இப்ப நான் என்ன பண்ணணும்?" என்றாள்.

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்."

கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான்.

உனக்கும் எழுத வேண்டும். ஸ்பானரை எறிந்தது நான். பெல்ட்டை எடுத்தது நான். அன்று சாயங்காலம் வாசலிலேயே நின்றது உன் தப்பில்லை, நீ குழந்தை, நடுவில் வந்து நிற்க வேண்டிய வேலை உனக்கு எதற்கு. உன்னைக் கட்டினவன் தரையில் அசையாமல் கிடந்த பிறகும் நான் மூன்று அடி அடித்தேன், முந்தைய கடிதத்தில் அதை எழுதவில்லை. அது உனக்காக அடித்ததில்லை. கை நிற்கவில்லை. இனி அடிக்க மாட்டேன். இதை எழுத நான்கு தாள் கிழிந்தது.

பம்பரையும் சிவப்பு மேல்கூட்டையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாசலைப் பற்றி இனி நான் கேட்க மாட்டேன்.

அப்பா


மார்ச் 14

அப்பாவுக்கு,

அம்மா நேற்று என்னைப் பார்க்க வந்திருந்தாள். நீங்கள் வந்ததைச் சொன்னாள். "வெறுங்கையோட வந்தாரு, ஆளே வேற மாதிரி இருந்தாரு, பயமா இருந்துச்சு" என்றாள். பிறகு கொஞ்சம் அழுதாள், கொஞ்சம் சிரித்தாள்.

பதினெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு விடுகிறார்கள். நான் அம்மாவோடு சித்தி வீட்டுக்குத்தான் போகிறேன். உங்களிடம் அடி வாங்கினவர் வந்து நிற்கக்கூடும் என்று வக்கீலம்மா போலீசில் சொல்லி வைத்திருக்கிறார். வந்தாலும் நீங்கள் பக்கத்தில் போகக் கூடாது.

நீங்கள் வருவதானால் சாலைக்கு எதிர்ப்பக்கம், பஸ் நிறுத்தத்தில் நில்லுங்கள். அம்மா கூப்பிட்டால் தாண்டி வாருங்கள். கூப்பிடாவிட்டால் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடுங்கள், நான் எழுதுகிறேன். கூப்பிடுவதா வேண்டாமா என்பதை அவள்தான் முடிவு செய்வாள். நான் அவளிடம் எதுவும் சொல்ல மாட்டேன்.

பை கொண்டு வர வேண்டாம், குடையும் வேண்டாம். கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொள்ளாதீர்கள். வாசலைத் தாண்டியதும் நாங்கள் இரண்டு பேரும் முதலில் உங்கள் கைகளைத்தான் பார்ப்போம்.

டிரைவர்