கண்ணாடிக்குள் ஓர் அடுப்பு

சூயுன் கண்ணு,

ஆஸ்பத்திரியில் உன் அம்மாவின் பரிசோதனை முடிவு வர மதியம் ஆகும் என்றார்கள். அதனால் அம்மாவை எதிரே இருந்த அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஹான் அரசர்கள் காலத்துக் கல்லறைப் பொருள்கள். செத்தவர்களுக்கென்று களிமண்ணில் செய்த கிணறு, பன்றிக்கொட்டில், அடுப்பு.

அம்மா அந்த அடுப்பை விட்டு நகரவே இல்லை. "யோவ் கிழவா, இதுல ஒரே நேரத்துல மூணு சட்டி வைக்கலாம்யா! நம்ம வீட்டு அடுப்பு சுத்தத் தண்டம்," என்றாள். காவலர்கூடச் சிரித்துவிட்டார்.

பிறகு மெதுவாக, "பொண்ணுகிட்ட சொல்லு. நான் போனப்புறம் எனக்கு அங்க வந்து சேரணும்னு காகிதத்துல மாளிகை, காருன்னு செஞ்சு எரிச்சு காசைக் கரியாக்க வேணாம். இந்த மாதிரி ஒரு காகித அடுப்பு போதும்," என்றாள்.

சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னதை நேரில் சொல்கிறேன்.

காகித அடுப்பு எப்போதும் கிடைக்கும். புத்தாண்டு வசந்த விழா விடுமுறை வரை காத்திருக்காமல் இப்போதே வீட்டுக்குக் கிளம்பி வா. நம் வீட்டு அடுப்பை இன்னும் அவள்தான் மூட்டுகிறாள்.

அப்பா