சாம்பலுக்குள் இருந்த இரும்பு

என் ஆசை அண்ணனுக்கு,

நீ போன பிறகு எண்ணூருக்கு வருவதைக் குறைத்துக்கொண்டேன். ஆய்வகத்தில் வேலை என்று அண்ணியிடம் சொல்லிவந்தேன். வேலை இருந்தது உண்மைதான். ஆனால் ஊருக்குள் கால் வைத்தாலே, "இன்னாம்மா, சாம்பல்ல இன்னா கீதுன்னு பாத்தியா?" என்று கேட்பார்கள். பதில் என் கையில் இருந்தது. வாயில் வரவில்லை.

கழிமுகத் தண்ணீர் சிவந்து உன் வலைகளில் துரு நிறம் ஏறியபோது, கரையோரம் கொட்டிக்கிடந்த அனல்மின் நிலையச் சாம்பலை ஒரு வாளி அள்ளி என்னிடம் கொடுத்தாய். "இதுல கீற இரும்புதான் தண்ணில எறங்குது. நீ பட்ச்சவ, காட்டு" என்றாய். அடுத்த மாதம் நெஞ்சுவலி உன்னைப் படகிலேயே கொண்டுபோய்விட்டது.

அந்தச் சாம்பலில் ஒரு சிட்டிகையை ஆய்வகத்தில் இரும்பை ஆராயும் கருவியில் வைத்தேன். அதில் காமாக் கதிர் வீசும் ஒரு சிறு துண்டு முன்னும் பின்னும் அசையும். எந்த வேகத்தில் இரும்பு அந்தக் கதிரை விழுங்குகிறது என்று பார்த்தால், அதைச் சுற்றி ஆக்சிஜன் எப்படி நிற்கிறது, படிகத்தில் எந்த இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். திரையில் வரைகோட்டில் விழுந்த பள்ளங்களை ஒவ்வொன்றாகக் குறித்தேன். இரும்பில் பெரும்பகுதி படிகத்துக்குள், ஆறு ஆக்சிஜன்களுக்கு நடுவில் இறுகிக் கிடந்தது. அப்படிக் கிடப்பது தண்ணீரில் லேசில் கரையாது. மறுபடி அளந்தேன். அதேதான்.

போன ஞாயிறு ஊர்க்கூட்டத்தில் பேசச் சொல்லி என்னை எழுப்பிவிட்டார்கள். இந்தச் சாம்பலின் இரும்பு தண்ணீரைச் சிவக்க வைத்ததாகத் தெரியவில்லை, மற்ற நஞ்சுகளை நான் அளக்கவில்லை என்றேன். ஊர்த் தலைவர் தலை குனிந்துகொண்டார். "நீ வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்மா."

அண்ணி எழுந்து போய்விட்டார். வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "செத்த மனுசன பொய்க்காரனாக்கிட்டியே, தேவி."

நான் என்ன செய்திருக்க வேண்டும், அண்ணா? மாற்றிச் சொல்லியிருந்தால் அந்தக் கருவி முன்னால் மறுபடி எப்படி நிற்பேன்? உள்ளதைச் சொன்னதால் உன் வீட்டில் உட்கார முடியவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

மறுநாள் நான் கிளம்பும்போது அண்ணி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே ஈரமான செம்மண்.

"ஒங்கண்ணன் வலை வுட்ட எடத்துல அள்ளினு வந்தேன். தண்ணி செவப்பாத்தான் கீது, அது சொன்னதுல பொய்யில்ல. சாம்பல்லேர்ந்து வரலன்னா எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாரு."

"பார்த்து, திரும்பவும் நமக்கு எதிரா வந்துச்சுன்னா, அண்ணி?"

"வந்தா வரட்டும். மொதல்ல என்னாண்ட சொல்லு. நாலு பேரு நடுவுல வச்சி நான் கேக்க மாட்டேன்."

மண் இப்போது ஆய்வகத்தில் காய்கிறது. அதில் என்ன தெரியுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. எது வந்தாலும் மாற்றமாட்டேன். ஆனால் ஊருக்குச் சொல்வதற்கு முன் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
தேவி