கொள்ளிடக் கரையில் ஒரு கேலிக் வசந்தம்

ஸ்ரீரங்கம்,
பங்குனி 20

சிரஞ்சீவி அம்ருதாவுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் க்ஷேமம், என் வலது முழங்காலைத் தவிர. அங்கே நீயும் உன் காடும் க்ஷேமமாக இருக்க அரங்கன் கிருபை செய்யட்டும். மற்ற சங்கதிகளுக்குப் போவதற்கு முன் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மாசி மாதம் உன் அம்மாவின் போனுக்கு நீ அனுப்பிய தியானப் பதிவை அவள் ஒரு தடவைதான் கேட்டாள், நான் பதினாறு தடவை கேட்டேன். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வெளியே சத்தம் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுக் கேட்டேன். மாடி வீட்டு அனுசுயா மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நாலாம் நாள் இறங்கி வந்து, மாமி, தண்ணித் தொட்டி ஏழு மணிக்கே காலியாயிடறது, மாமாவுக்கு வயிறு சரியில்லையா என்று கேட்டாள். ஆமாம் என்று நான் உள்ளேயிருந்தே பதில் சொன்னேன். அதற்கப்புறம் ஒரு வாரம் எனக்கு ரசஞ்சாதம்தான், அப்பளம் கூடக் கிடையாது.

போனில் உன்னோடு பேசுவதில்லை என்று போன சித்திரையில் சபதம் செய்தவன் உன் குரலைத் திருட்டுத்தனமாகக் கேட்டேன் என்பதை எப்படி வெளியே சொல்வது. ஒன்று சொல்கிறேன், நீ எடின்பரோவில் நல்ல கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, இன்வர்னஸ் பக்கத்துக் காட்டுக்குப் போய், வருகிற ஜனங்களை மரத்தடியில் நிற்க வைத்து மூச்சு விடச் சொல்லிக் கொடுக்கிறாய் என்பதற்காக மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. அது உன் அம்மாவுக்கு ஒரு மாதம் முன்பே தெரிந்திருந்தது, எனக்குத் தெரியாது. பள்ளிக்கூட ஆபீஸில் ஹெட் கிளார்க்காக முப்பது வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு கடுதாசி என் மேஜையைத் தாண்டிப் போனதில்லை. என் சொந்த வீட்டுச் செய்தி தாண்டிப் போய்விட்டது. அந்த ரோஷம். ஆனால் ரோஷக்காரன் என்ன செய்தான் பார், ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ அம்மாவோடு பேசும்போது ஹாலில் நின்றுகொண்டு, அங்கே இன்னும் பனி கொட்டறதா என்று சுவரைப் பார்த்துக் கேட்டான். நீயும் சுவருக்குப் பதில் சொல்வது போல, கொட்டறதும்மா என்று சொன்னாய். தெருவில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், பொண்ணு வனத்துறையில் பெரிய அதிகாரி என்று சொல்லி வைத்தேன். எதிர்வீட்டு தேசிக் அதை நம்பி, தன் மருமான் ஃபாரஸ்ட் கார்டு வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான், உன்னிடம் ஒரு சிபாரிசு வாங்கித் தரணும் என்று ஆறு மாதமாக என்னை விரட்டுகிறான்.

சரி, பதிவுக்கு வருகிறேன். இன்வர்னஸ் பக்கம் கேலிக் பாஷை பேசுகிற மலைநாட்டு ஜனங்களின் பழைய வழக்கத்தை ஒட்டியது என்று ஆரம்பத்தில் சொல்கிறாய். இரவும் பகலும் சரிசமமாக இருக்கிற வசந்த நாளில், விடிகிற நேரம், நிலமும் நீரும் வானமும் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் வெறுங்காலோடு நில், உனக்குள்ளே கோபமும் துக்கமும் இருந்தால் எதையும் துரத்தாதே, தராசுத் தட்டில் வைப்பது போல அன்புக்கு எதிர்த்தட்டில் வை, துளிர்விட்டிருக்கிற மரம் ஒன்றைத் தொட்டு உன் கோபத்தின் பெயரைச் சத்தமாகச் சொல், போன குளிர்காலத்தை நீ என்ன செய்தாய் என்று அதைக் கேள் என்கிறாய். நடுவில் அந்தப் பாஷையில் இரண்டு வரி பாடுகிறாய். எனக்கு ஓர் எழுத்துப் புரியவில்லை. ஆனால் எட்டு வயதில் மார்கழியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாசுரம் சேவிக்கும்போது எங்கே மூச்சை இழுப்பாயோ, அதே போலப் பாதி வார்த்தையில் நிறுத்தி இழுக்கிறாய். முதல் தடவை அதைக் கேட்டபோதுதான் குழாயை மூட மறந்துபோனேன்.

பங்குனி ஆறாம் தேதி நீ சொன்ன சமநாள். வாக்கிங் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கொள்ளிடக் கரைக்குப் போனேன். நிலம் இருந்தது, வானம் இருந்தது, ஆற்றைத்தான் தேட வேண்டியிருந்தது. அரைக் கல் தூரத்துக்கு மணல், அதற்கு அப்பால் வாய்க்கால் மாதிரி ஒரு நீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். கரையோரம் ஒரு புங்க மரம். மாசியில் அந்தப் பக்கம் போனபோது மொட்டையாக நின்றதைப் பார்த்திருக்கிறேன், இப்போது ஓர் இலை கூடப் பழசு இல்லை. கழுவி எடுத்த மாதிரி ஒரு பச்சை, சூரியன் எழும்பியதும் வெயில் இலைக்குள்ளே புகுந்து அந்தப் பக்கம் வந்தது, என் சட்டை, கை எல்லாம் பச்சையாகிவிட்டது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். குளிர்காலத்தை என்ன செய்தாய் என்று இதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நம் ஊரில் மார்கழியில் நாலு நாள் மப்ளர் கட்டுகிறோம், அதற்குப் பெயர் குளிர்காலமா. இருந்தாலும் நீ சொல்லியிருக்கிறாயே என்று அடிமரத்தில் இரண்டு கையையும் வைத்து, என் பெண் என்னிடம் முதலில் சொல்லவில்லை, என்று சொன்னேன். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். அப்போதுதான் முசுறு எறும்பு என்னைக் கடித்தது.

பின்னாலிருந்து ஒரு குரல், சாமி, அழுவுறதுன்னா தள்ளி நின்னு அழுவுங்க, அந்த மரம் பூரா முசுறு என்றது. பாப்பாயி என்று ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், அந்த மணலில் ஆடு மேய்க்கிறவள். நான் அழவில்லை, தியானம் செய்கிறேன் என்றேன். செய்ங்க, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் என்றாள். பிறகு தண்ணீர்ப் பக்கம் கையைக் காட்டி, அசையாம நில்லுங்க என்றாள். நீருக்குள்ளிருந்து ஒரு தலை எழுந்தது, பிறகு இன்னொன்று, பிறகு ஒரு குடும்பமே. நீர்நாய்கள், அம்ருதா. ஐந்து. மீசையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட மணலில் ஏறின. பெரியது ஒரு மீனைக் கையில் பிடித்துக்கொண்டு, நாம் கரும்பு தின்பது போலத் தலைப்பக்கத்திலிருந்து கடித்தது. குட்டி ஒன்று அதைப் பிடுங்க வந்து உதை வாங்கி, உருண்டு, எழுந்து, மறுபடியும் வந்தது. எனக்கும் அவற்றுக்கும் நடுவில் முப்பது அடி கூட இருக்காது. ஐம்பத்தெட்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், புத்தகத்தில் தவிர அவற்றைப் பார்த்ததில்லை. அந்த நேரம் என் உடம்பில் முழங்கால் இல்லை, ரோஷம் இல்லை, ஹெட் கிளார்க் இல்லை. மூச்சு விடுகிறேனா என்று கூடத் தெரியவில்லை. அவை போன பிறகு, எவ்வளவு அபூர்வம் பார்த்தாயா என்று பாப்பாயியிடம் சொன்னேன். அவள், அதுங்க தெனம் வருது சாமி, நீங்கதான் இன்னைக்கு வந்திருக்கீங்க என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். நின்று பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறதும் ஒரு வேலையா என்று பதினொரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தவன், அங்கே உட்கார்ந்து அந்தக் கேள்வியை ஆற்றோடு விட்டேன், ஆற்றில் தண்ணீர் கம்மிதான், இருந்தாலும் போயிற்று.

கோபம் போனது உண்மை, ஆனால் வெட்கம் அப்படியே இருந்தது. யார் முதலில் பேசுவது. தேசிக்கிடம் மட்டும் போய், என் பெண் அதிகாரி இல்லை ஓய், காட்டில் ஜனங்களை நிற்க வைக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அவன், அப்போ மருமானுக்கு அங்கேயே ஏதாவது பார்க்கச் சொல்லும் என்றான். போன வாரம் பங்குனி உத்திரம். உறையூர் நாச்சியாரிடம் போய்விட்டு வந்த பெருமாளைக் கோபித்துக்கொண்டு தாயார் கதவைச் சாத்துகிற மட்டையடிக்கு நானும் உன் அம்மாவும் கூட்டத்தில் நின்றோம். பூவும் வாழை மட்டையும் பறந்தன, கதவைச் சாத்தினார்கள், திறந்தார்கள், மறுபடி சாத்தினார்கள். ஆழ்வார் வந்து சமாதானம் சொல்லிக் கடைசியில் உள்ளே விட்டதும் எல்லோரும் கை கூப்பினார்கள். உன் அம்மா கை கூப்பாமல் என் பக்கம் திரும்பி, ஏன்னா, தாயாருக்கே ஒரு வேளைக் கோபம்தான், உங்களுக்கு மட்டும் என்ன பதினொரு மாசம் என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். சபதம் போனுக்குத்தான், தபாலுக்குப் பொருந்தாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவுக்குப் போன் செய்யாதே, எனக்குச் செய். எடுப்பேன். எடுத்ததும் ஒன்றும் பேசாமல் இருந்தால் வைத்துவிடாதே, கொஞ்சம் பொறு. அங்கே பனியில் வெறுங்காலோடு நிற்கிற வேலையெல்லாம் வந்தவர்களோடு போகட்டும், நீ காலுறை போட்டுக்கொள், கேலிக் ஜனங்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ராத்திரி ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, சாதம் வடித்துச் சாப்பிடு. உன் காட்டில் நீர்நாய் உண்டா என்று விவரமாகச் சொல். உன் கையால் தொடுகிற மரமெல்லாம் துளிர்க்கட்டும், நீ நூறு வயது இரு.

உன் அப்பா,
வீரராகவன்

பி.கு: உன் அம்மா இதைப் படித்துவிட்டு ஒரு விவரத்தைச் சேர்த்தால்தான் தபாலில் போடுவேன் என்கிறாள். நான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாஸ்போர்ட் எடுத்தது போன ஆவணி மாதம், சபதம் செய்து நாலே மாதத்தில்.