கணவன் பக்கத்து வக்கீல்

அன்புள்ள அக்காவுக்கு,

இதை உன் கையில் கொடுத்தவளை முதலில் உள்ளே கூப்பிட்டு உட்கார வை. இடது தோளில் கட்டுப் போட்டிருக்கிறது. பையை நீயே வாங்கிக்கொள். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு அத்தானையும் பேச வைப்பது உன் வழக்கம். அத்தானுக்கோ நம் தம்பி என்றால் உயிர். அதனால்தான் எழுதுகிறேன்.

போன கடிதத்தில் ஒரு கட்டளை போட்டிருந்தாய். தம்பி மனைவிக்கு நாவல் கொடுப்பதை நிறுத்த வேண்டும், கண்டதையும் படித்து அவளுக்குப் புத்தி தடுமாறுகிறது, தம்பி சொல்லி வருத்தப்பட்டான் என்று. நான் பதில் எழுதவில்லை. நாவல் படித்துக் கெட்டுப்போனவர் யாரையும் நான் பார்த்ததில்லை. திருந்தியவர் யாரையும் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் கல்லூரியில் இலக்கியம் நடத்தி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஆனாலும் நாவலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் மாடியில் என் அறையில் கூடுவோம். நான், பக்கத்து வீட்டு நர்சம்மா, என் கல்லூரியில் கணக்கு நடத்தும் டீச்சர், கீழேயிருந்து தம்பி மனைவி. அவள் தெருவில் இறங்க வேண்டியதில்லை என்பதால் தம்பி இதற்கு மட்டும் தடை சொல்லவில்லை. சொந்தக் கதை பேசக்கூடாது என்பது நான் போட்ட விதி. நர்சம்மா தன் மருமகனைப் பற்றி ஆரம்பித்தால் கதாநாயகிக்குக் கல்யாணம் ஆவதற்குள் இருட்டிவிடும். சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்தப் பாத்திரம் வருகிறதோ அதற்கு அவர் வக்கீல். மற்றவர்கள் குறுக்கு விசாரணை செய்வோம். நன்றாகப் பொழுது போகும்.

இந்த முறை எடுத்தது ஒரு பழைய நாவல். மரக்கடை முதலாளி ஒருவன், ஊருக்கெல்லாம் நல்லவன். அவனிடம் அடிபட்டே மனைவி கடைசி அத்தியாயத்தில் செத்துப்போகிறாள். அவனை ‘அன்பைச் சொல்லத் தெரியாதவன்’ என்றுதான் நான் வகுப்பில் நடத்துவேன். மாணவிகள் அதையே பரீட்சையில் எழுதி என்னிடம் மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார்கள்.

தம்பி மனைவிக்குச் சீட்டில் அந்தக் கணவன் விழுந்தான். கணக்கு டீச்சர் எடுத்த எடுப்பிலேயே, “ஏன்யா, பொண்டாட்டி மேல கை நீட்டுனே?” என்று விறைப்பாகக் கேட்டாள். எப்போதும் வாயைத் திறக்காத தம்பி மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நான் எங்க அடிச்சேன்? அவதான் அடிக்க வச்சா. மறுநாள் மருந்து போட்டது யாரு? நான்தானே? எத்தனை புருஷன் மருந்து போடறான், சொல்லுங்க பாப்போம்” என்றாள். குரலே மாறிவிட்டது. “அடிப்பாவி, அப்படியே ஆம்பளை மாதிரி பேசறியே!” என்று நர்சம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் நிறுத்தவில்லை. “வாயை மூடு. டி.வி.ய சத்தமா வை. மாடியில அக்காவுக்குக் கேட்டுடப் போகுது” என்றாள்.

அந்த நாவல் நடப்பது டி.வி. வராத காலத்தில். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனுக்கு அக்கா ஏது, எந்த அத்தியாயத்தில் வருகிறாள் என்று கேட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. “இல்ல அண்ணி, வேற ஏதோ புத்தகம். கலந்துபோச்சு” என்றாள். வக்கீல் ஆதாரத்தோடு பேச வேண்டும் என்று நான் திருத்தினேன். நர்சம்மா அதற்குள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

மறுநாள் நர்சம்மா பி.பி. பார்க்கிறேன் என்று கருவியோடு கீழே போய், அவள் சட்டைக் கையை மேலே தள்ளியிருக்கிறாள். கை கன்றி வீங்கிக் கருவியைச் சுற்ற முடியவில்லையாம். மேலே வந்து, “டீச்சரம்மா, உங்க ஆதாரம் கீழ இருக்கு. போய்ப் பாருங்க” என்றாள். நான் உடனே போகவில்லை. நம் தம்பி. நர்சம்மா வீட்டுக் குழாயைக்கூடக் கூப்பிடாமலே வந்து சரிசெய்து கொடுத்தவன். யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்த வாரமே அவள் ‘மாடிப்படியில் விழுந்தாள்’. தோள் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்துக் கட்டில்காரிக்கும் சேர்த்துத் தம்பி ஆப்பிள் வாங்கிவந்தான். வார்டு முழுவதும் அவனைக் கொண்டாடியது.

அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பக்கூடாதா என்று கேட்பாய். முன்பே போயிருக்கிறாள். மாப்பிள்ளை தங்கம் என்று சொல்லி அவர்களே திரும்பக் கொண்டுவந்து விட்டார்களாம். இன்று டிஸ்சார்ஜ். சாயங்காலம் காரோடு வருகிறேன் என்று தம்பி சொல்லியிருந்தான். நானும் நர்சம்மாவும் மத்தியானமே கூட்டிவந்துவிட்டோம். ரயிலுக்காகக் காத்திருக்கும்போது இதை எழுதுகிறேன். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். உங்க அக்கா ஏத்துக்குவாங்களா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவளிடம் இனி ஊகமாக எதையும் சொல்ல விருப்பமில்லை.

நீ இதைப் படிப்பதற்குள் அவன் போன் செய்யத் தொடங்கியிருப்பான். எடுத்தால் அழுவான். அந்த அழுகை பொய்யில்லை. நீ பயப்பட வேண்டியதே அதற்குத்தான். அவள் அங்கே இருக்கிறாள் என்று நீயோ அத்தானோ ஒரு வார்த்தை சொன்னால் போதும், அழைத்துப்போக வந்து நிற்பான். திரும்பிப் போனால் அவள் பிழைக்கமாட்டாள். இது ஊகமில்லை. அத்தானிடம் எப்படிச் சொல்வது என்பதை உன்னிடமே விடுகிறேன். ரயில் கிளம்பியதும் நான் வீட்டுக்குப் போய் அவனிடம் பேச வேண்டும். நர்சம்மா கூட வருகிறேன் என்கிறாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா, நாம் இருவரும் அப்பாவைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அம்மாவின் அறைக் கதவு சாத்திக்கொண்டதும் நீ ரேடியோவைச் சத்தமாக வைப்பாய். என்னையும் தம்பியையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, பாட்டோடு சேர்ந்து பாடச் சொல்வாய். எங்களுக்குக் கேட்கக்கூடாது என்றுதான் செய்தாய். எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

அவளை எதுவும் துருவாதே. தானாகப் பேசினால் பேசட்டும். எந்தப் புத்தகத்தில் என்று மட்டும் கேட்டுவிடாதே. அவள் பேசும்போது உன் வீட்டில் எதுவும் சத்தமாகப் பாட வேண்டாம்.

உன் பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லாமல் இவளை அனுப்பும்,
உன் தங்கை