ஒளி அளவு பத்து

2003 ஜூன் 12, வியாழன். விடியல் முதல் விடாத சாரல்.

மதிப்பிற்குரிய கணவர் தொக்குஜி அவர்களுக்கு,

சோறு குக்கரில் உள்ளது. மிசோ சூப்பைக் கொதிக்க விடாமல் சூடாக்கவும்.

நிற்க. இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்கும் நான் படித்துப் பழகும் நம் மகனின் பழைய வீடியோ கேமில், ஒரு வாரமாக எழுத்து 'பெரியது' என்றும் ஒளி அளவு பத்து என்றும் மாறியிருக்கின்றன. நான் வைத்தது நான்கு. நான் இல்லாதபோது யாரோ வந்து போவதாக ஐயுற்றேன். நேற்று வினவியபோது தாங்கள், "எவடி இங்க வரப்போறா? ராத்திரிப் பள்ளிக்கூடத்துல சந்தேகப்படவும் சொல்லித் தராங்களா?" என்று நகைத்தீர்கள்.

இன்று காலை ஒளியமைப்புத் திரையின் வாசகத்தை முதன்முறையாக நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன்: "இச்சின்னம் மங்கலாகத் தெரியும்வரை ஒளியைக் கூட்டுக." எனக்கு நான்கிலேயே தெரிந்தது. நான் பள்ளி சென்றபின் விளையாடிய தங்களுக்குப் பத்து வேண்டியிருந்திருக்கிறது.

சென்ற மாதம் தாங்கள் ஓட்டும் டாக்சியின் பக்கக் கண்ணாடி உடைந்தபோது, "பூனை குறுக்க வந்துச்சு" என்றீர்கள். அந்தப் பூனையையும் இப்போது நான் நம்பவில்லை.

ஆகவே டாக்சிச் சாவியை எடுத்துச் செல்கிறேன். கண் மருத்துவரிடம் வரிசை எண் வாங்கி அங்கேயே காத்திருப்பேன். பத்து மணிக்குள் பேருந்தில் வரவும்.

இப்படிக்கு,
ஃபுசாயே

பி.கு.: சாவியைத் தேடி அலமாரியைக் கலைக்க வேண்டாம்.

இன்னொன்று: தங்களுக்காகப் பெரிய எழுத்தில் எழுதியதால் மூன்று தாள்கள் ஆயின. எவளாவது வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. அந்தச் சந்தேகம் இன்று காலை 6.42க்கு முடிவுற்றது.