ஒரே அடுப்பு

ஜூன் 9, 2025, திங்கள்

தாராவி பற்றிய அரசுக் கமிட்டியின் அறிக்கை வந்துவிட்டது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் எங்கள் பெயர்: சாய்நாத், ஸ்ரீலேகா. "தாராவியில் ஏற்றுமதி வளர்ந்தது, ஏற்றத்தாழ்வு குறைந்தது." எங்கள் கட்டுரையின் வரிதான், அப்படியே. பதினாலு வருடம் இந்த இன்ஸ்டிட்யூட்டில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இப்போதுதான் யாரோ நான் எழுதியதைப் படித்திருக்கிறார்கள். டைரக்டர் சாய்நாத் சார் போனில், "புரொபசர் இன்டர்வியூவுக்கு இது ஒண்ணே போறும்" என்றார். என் வீட்டுக்காரர் சங்கரன் மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கி மைசூர்பாகு வாங்கி வந்தார். நாலு துண்டு தின்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

தாராவி. கட்டுரைக்காக எடுத்த கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்களுக்கு அவரவர் படிவத்தை வாசித்துக் காட்டுவது என் வழக்கம். சாருக்கு இது வெட்டி வேலை.

இசக்கிமுத்துவின் தையல் பட்டறை. கீழே மெஷின்கள், தகர மாடியில் ஆண்கள் படுக்கை, பின்னால் ஒரு தடுப்புக்குள் நாலு பெண்கள். அதில் ஒருத்தி தங்கமயில். நூல் வெட்டி இஸ்திரி போடுகிறவள். வாசித்தேன்: "குடும்பத் தலைவர், இசக்கிமுத்து. உறுப்பினர்கள், பதினாறு. தங்கமயில் — தலைவருக்கு என்ன உறவு — மற்ற உறவினர்."

"நிப்பாட்டுங்க மேடம். அவரு எனக்கு என்ன வேணும்? மாமனா, மச்சானா?"

ஒரே அடுப்பில் சாப்பிட்டால் ஒரே குடும்பம், அதுதான் கணக்கெடுப்பு விதி என்றேன்.

"சோத்துக்குன்னு மாசாமாசம் சம்பளத்துல பிடிக்காரு. எந்தச் சொந்தக்காரன் பிடிப்பான்?"

இசக்கிமுத்து சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கர்மம்.

ஜூன் 17

எல்லாப் படிவத்தையும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 2016-இல், முதல் கணக்கெடுப்பின்போது, தொழிலாளிகள் வெளியே கானாவளி மெஸ்ஸில் காசு கொடுத்துச் சாப்பிட்டார்கள். அதனால் ஒவ்வொருவரும் தனிக் குடும்பம். முதலாளி எங்கோ மேலே, அவர்கள் எங்கோ கீழே. 2023-இல், இரண்டாம் கணக்கெடுப்புக்குப் போனபோது, துபாய் ஆர்டர் குவிந்திருந்தது. சாப்பிட வெளியே போனால் நேரம் போகிறதென்று பட்டறைக்குள்ளேயே அடுப்பு வைத்துவிட்டிருந்தார்கள். என் கணக்கில் அன்றே எல்லோரும் ஒரே வீடு! முதலாளி வருமானத்தைப் பதினாறால் வகுத்து, தங்கமயில் தலையிலும் ஒரு பங்கு எழுதியிருக்கிறேன். அவள் கண்ணால் கண்டிராத பணம்.

குறைந்தது ஏற்றத்தாழ்வு இல்லை. அடுப்பு இடம் மாறியது, அவ்வளவுதான். எத்தனை தடவை அந்தப் பட்டறைக்குப் போனேன்! அங்கேயே உட்கார்ந்து டீ குடிச்சேனே, என் கண் என்ன பொட்டையா?

ஜூன் 18

ஆளாளுக்குத் தனிக் குடும்பமாகப் பிரித்துக் கணக்கை மறுபடி ஓட்டினேன். ஏற்றத்தாழ்வு கூடியிருக்கிறது. நன்றாகவே.

ஜூன் 20

சாய்நாத் சார் அறை. அரை மணி நேரம் விளக்கினேன். ஏசியைக் கூட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"ஊர் உலகமெல்லாம் இதே விதிதான் ஸ்ரீலேகா. அடுத்த பேப்பர்ல ஒரு ஃபுட்நோட் போட்டுடலாம்."

"கமிட்டி அறிக்கை?"

"அது அவா பிரச்னை."

வெளியே வந்து அறிக்கையின் நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் படித்தேன். இன்றுதான் படிக்கிறேன். அன்றைக்கு என் பெயர் இருந்த பக்கத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தேன், வெட்கம் கெட்டவள். தொழிலாளர்களுக்கு வாடகை விடுதி, நானூறு அறை — கைவிடப்படுகிறது. காரணம்: ஏற்றத்தாழ்வு தானாகவே குறைந்துவருவதால்.

இன்டர்வியூ ஆகஸ்ட் 12. தேர்வுக் குழுத் தலைவர் சாய்நாத் சார்தான்.

ஜூலை 2

ஃபுட்நோட்டாம். ஃபுட்நோட்டில் நாலு பேர் படுக்க முடியுமா?

ஜூலை 6, ஞாயிறு

தங்கமயிலிடம் சொல்லிவிட்டேன். நைன்டி ஃபீட் ரோட்டில் நின்றுகொண்டே, மழையில்.

"விடுதி வருதுன்னு ஃபாரம் எழுதிக் குடுத்திருந்தேன் மேடம். தனிக் கதவு. உள்ளருந்து தாப்பா. ஒங்க எழுத்துனாலயா வரல?"

"ஆமா."

"தெரிஞ்சா எழுதுனீய?"

"தெரியாம."

"சரி. தெரிஞ்ச பொறவு என்ன செஞ்சீய?"

மூன்று வாரம் என்ன செய்தேன்? இன்டர்வியூ புடவைக்கு பிளவுஸ் தைக்கக் கொடுத்தேன். அதைச் சொல்ல முடியுமா அவளிடம்?

ஜூலை 7

சங்கரன் சொல்கிறார்: "இன்டர்வியூ முடியட்டுமே. ஒரு மாசம்தானே, அப்புறமா எழுதேன்." கத்தித் தீர்த்துவிட்டேன். பாவம், தட்டோடு எழுந்து போனார். நானும் மனசுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் அவ்வளவு கத்தினேன்.

ஜூலை 26, சனி

அனுப்பிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி இதழுக்கு ஒன்று, கமிட்டிக்கு ஒன்று, புதுக் கணக்கோடு. என் கையெழுத்து மட்டும். சார் போட மாட்டேன் என்றுவிட்டார். "பதினாலு வருஷம் உன்னை வளர்த்தேன்" என்றார். வளர்த்தாராம்! நானும் இத்தனை நாள் அவர் அடுப்பில்தான் சாப்பிட்டிருக்கிறேன் போலிருக்கிறது. மற்ற உறவினர்.

ஆகஸ்ட் 12

இன்டர்வியூ பதினோரு நிமிடம். ஒருவர்கூட என் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

செப்டம்பர் 3

இதழ் கட்டுரையை எடுத்துவிட்டது. கமிட்டி, கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி எழுதியிருக்கிறது. பதவி வேறொருவருக்கு. எனக்கு அடுத்த வருடம் முழுக்க முதலாண்டு வகுப்பு, காலை ஏழு மணிக்கு.

கடித விஷயம் காதுக்கு எட்டி, இசக்கிமுத்து என்னைப் பட்டறை வாசலிலேயே மறித்தார். "எங்க சோத்தையா குத்தம் சொல்லுதீய?" என்றார். அவர் கெட்டவர் இல்லை, எல்லோருக்கும் வயிறு நிறையத்தான் போடுகிறார்.

நவம்பர் 16, ஞாயிறு

என் கைக்காசில் புதுக் கணக்கெடுப்பு. பட்டறைகளுக்குள் என்னை விட மாட்டார்கள், அதனால் லீவு நாளில் டீக்கடை பெஞ்சில். இன்றோடு எழுபத்திரண்டு பேர். எல்லாம் கமிட்டிக்குத்தான், அவர்கள் படிக்கிறவரை அனுப்புவேன். எத்தனை தடவையானாலும்.

கடைசியாகத் தங்கமயில். எழுதி முடித்ததும் தாளைப் பிடுங்கிக்கொண்டு, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். குடும்பத் தலைவர், தங்கமயில். உறுப்பினர், ஒன்று. சொத்து, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு போன்.

"தலைவர்னு என்னையவா போட்டிருக்கீய?"

"ஒன்னைத்தான்."

பிறகு 'வீடு' என்ற கட்டத்தில் விரலை வைத்தாள். "இதுல 'இல்ல'ன்னு எழுதாதீய. காலியா விடுங்க. மறுபடி வந்து கேப்பீயல்லா?"

எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. படிவத்தின் அடியில் நானே அச்சடித்த விதி. விட்டேன்.